காடு தந்த கஹ்வா: காப்பிச் செடியின் வரலாறும் வளர்ப்பும்

அரபு மொழி பயிலும் மாணவர்களுக்குச் சொற்களின் பொருள்மாற்றத்தை விளக்க நேரும்போதெல்லாம் நான் எடுத்துக்காட்டும் சொற்களுள் ஒன்று 'கஹ்வா'. பண்டைய அரபுக் கவிதையில் இச்சொல் மதுவைக் குறித்தது. பசியை அடக்குவது, உணவின்மீது நாட்டத்தைக் குறைப்பது என்னும் வேர்ப்பொருளிலிருந்து அப்பெயர் மதுவுக்கு வந்தது என அகராதி ஆசிரியர்கள் விளக்குவர். மது விலக்கப்பட்ட ஒரு சமுதாயத்தில், பல நூற்றாண்டுகள் கழித்து, இரவு வணக்கத்திற்காக விழித்திருக்க உதவும் ஒரு பானத்துக்கு அதே சொல் பெயராக அமைந்தது. பின்னர் அச்சொல் துருக்கியரிடம் 'கஹ்வே'யாகி, ஐரோப்பிய மொழிகளில் உருமாறி, ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் 'காப்பி'யாக வந்து சேர்ந்தது.

சொல்லின் வரலாற்றை இவ்வளவு விரிவாக அறிந்திருக்கும் நாம் அச்செடியின் வரலாற்றை அறிந்திருக்கிறோமா? இஸ்லாமியப் பண்பாட்டைப் பற்றிப் பேசுவோர் 'காப்பி முஸ்லிம்கள் உலகுக்கு வழங்கிய கொடை' என்று பெருமையுடன் குறிப்பிடுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். அதில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மையே உண்டு. முஸ்லிம்களுக்கு அதனை வழங்கியவர் யார், எந்தக் காடு அதனைப் பெற்றெடுத்தது, அந்தக் காடு இன்று எந்நிலையில் உள்ளது என்னும் வினாக்கள் கேட்கப்படாமலே இருந்துவிடுகின்றன. அவற்றுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

செடியும் அதன் தாயகமும்

தாவரவியலார் 'காஃபியா அராபிகா' என்று வழங்கும் காப்பிச் செடி, நம் நாட்டு வெட்சி, நுணா, சாயவேர் ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வெண்ணிற மலர்கள் மல்லிகையின் மணமுடையவை. 1753-இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இப்பெயரைச் சூட்டியபோது, ஐரோப்பா அச்செடியை அரபு நாட்டின் வழியாகவே அறிந்திருந்தது. ஆகவே 'அரபு நாட்டுக் காப்பி' என்ற பொருளில் பெயர் அமைந்துவிட்டது. உண்மையில் அரேபியா அதன் வளர்ப்புத்தாய் வீடே தவிரப் பிறந்தகம் அன்று.

அதன் பிறந்தகம் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மேட்டுநிலக் காடுகளாகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 2,000 மீட்டர் வரை உயர்ந்த அம்மலைகளில், மழை மிகுந்த வெப்பமண்டலக் காட்டின் பெருமரங்களுக்குக் கீழே, நேர்வெயில் படாத நிழலில் அது குறுமரமாக வளர்கிறது. தெற்கு சூடானின் போமா மேட்டுநிலத்திலும் கென்யாவின் மார்சபிட் மலையிலும் அதன் காட்டினம் சிறிதளவு காணப்படுகிறது. இவற்றைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை.

இச்செடியின் பிறப்பும் வியப்புக்குரியது. நாம் 'ரொபஸ்டா' என்றழைக்கும் காஃபியா கனிஃபோராவும், 'யூஜெனியாய்ட்ஸ்' என்னும் மற்றோர் ஆப்பிரிக்கக் காட்டினமும் இயற்கையாகக் கலந்ததால் தோன்றியது அது. ஏறத்தாழ ஆறு இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இக்கலப்பு நிகழ்ந்திருக்கலாம் என 2024-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு கணிக்கிறது. ஏனைய காப்பியினங்களில் 22 குரோமோசோம்கள் இருக்க, இதில் மட்டும் 44 உள்ளன. தன் மகரந்தத்தாலேயே தான் கருவுறும் இயல்பும் இதற்கு உண்டு. இவ்வியல்பால் ஒரே ஒரு செடியிலிருந்துகூட ஒரு தோட்டத்தை உருவாக்கிவிட முடியும். இச்செடியின் உலகப் பயணத்துக்கும், பின்னர் அதற்கு நேர்ந்த பேரிடருக்கும் இந்த இயல்பு பெரிதும் காரணமாயிற்று.

கஃபா என்பது இக்காடுகள் நிறைந்த பகுதியின் பெயர். 1897-இல் மெனலிக் பேரரசரின் படைகள் வெல்லும்வரை அது தனி அரசாக விளங்கியது. 'காப்பி' என்ற சொல்லே 'கஃபா'விலிருந்து வந்தது என்று கூறுவோர் உளர். ஒலியொப்புமையைத் தவிர இதற்கு உறுதியான சான்று இல்லை. எத்தியோப்பிய மொழிகளில் அது 'புன்னா', 'புனோ' என்றே வழங்குகிறது. அரபியில் கொட்டையைக் குறிக்கும் 'புன்' என்னும் சொல்லும் அவற்றுக்கு உறவானது. பானத்தின் பெயர் அரபு மதுக்கோப்பையிலிருந்து வந்தது. கொட்டையின் பெயரோ ஆப்பிரிக்கக் காட்டை இன்றளவும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

யமனில் செடி வேரூன்றிய காலம்

இச்செடி எப்போது செங்கடலைக் கடந்து யமனுக்கு வந்தது? ஆடு மேய்க்கும் கல்தி என்னும் சிறுவன், காய்களைத் தின்ற ஆடுகள் துள்ளிக் குதிப்பதைக் கண்டு காப்பியைக் கண்டுபிடித்தான் என்னும் கதை நம் பாடநூல்கள்வரை நுழைந்துவிட்டது. ஆனால் ஆட்டிடையர் கதை முதன்முதலாக எழுத்தில் காணப்படுவது 1671-இல் ரோம் நகரில் அச்சான ஒரு இலத்தீன் நூலில்தான். நிகழ்ந்ததாகக் கூறப்படும் காலத்துக்கும் எழுதப்பட்ட காலத்துக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. இடையில் அறிவிப்பாளர் எவருமில்லை. ஹதீஸ் கலை பயின்றவர்கள் இத்தகைய செய்தியை எவ்வாறு மதிப்பிடுவார்களோ, வரலாற்று மாணவனும் அவ்வாறே மதிப்பிட வேண்டும்.

மௌனமும் ஒரு சான்றாகும். 1330-ஐ ஒட்டி யமனில் பயணம் செய்த இப்னு பதூதா, சென்ற இடங்களிலெல்லாம் மக்கள் உண்பதையும் பருகுவதையும் விருப்பத்துடன் பதிவு செய்தவர். சபீத், தஇஸ், அதன் ஆகிய நகரங்களைப் பற்றி எழுதிய அவர் காப்பியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அக்காலத்தில் யமனை ஆண்ட ரசூலிய அரசர்கள் தாமே வேளாண்மை பற்றி நூல்கள் இயற்றியவர்கள். அந்நூல்களிலும் காப்பி பயிராகக் குறிப்பிடப்படவில்லை. ஆகவே 14ஆம் நூற்றாண்டில் அது யமனில் பரவலான பயிராக இருந்திருக்க இயலாது எனக் கொள்ளலாம்.

நமக்குக் கிடைக்கும் முதன்மையான அரபுச் சான்று, அப்துல் காதிர் அல்ஜஸீரீ 1558-இல் இயற்றிய 'உம்தத்துஸ் ஸஃப்வா ஃபீ ஹில்லில் கஹ்வா' என்னும் நூலாகும். காப்பி ஆகுமானதே என்பதை நிறுவ எழுதப்பட்ட நூல் இது. தமக்கு முன்னிருந்தவர்களின் அறிவிப்புகளை அவர் பெயர் கூறித் தொகுத்துத் தருகிறார். ஓர் அறிவிப்பின்படி, அதன் நகரின் அறிஞர் ஜமாலுத்தீன் அத்தப்ஹானீ ஆப்பிரிக்கக் கரையில் தங்கியிருந்தபோது அங்குள்ளோர் காப்பியைப் பயன்படுத்துவதை அறிந்தார். ஊர் திரும்பியபின் நோயுற்றபோது அதனை நினைவுகூர்ந்து பருகினார். சோர்வு நீங்குவதையும் உறக்கம் அகல்வதையும் கண்டு சூஃபியாக்களுக்கு அறிமுகப்படுத்தினார். அவர் மறைந்தது ஹிஜ்ரி 875-இல் (1470-71). மற்றோர் அறிவிப்பு, முதலில் 'காத்' இலையிலிருந்தே கஹ்வா தயாரிக்கப்பட்டது என்றும், அதன் நகரில் அவ்விலை கிடைக்காதபோது தப்ஹானீ புன்னைப் பயன்படுத்தச் சொன்னார் என்றும் கூறுகிறது. முகா துறைமுகத்தின் காவல் வலியாகப் போற்றப்படும் அலீ இப்னு உமர் அஷ்ஷாதுலீயின் (மறைவு ஹிஜ்ரி 821 / 1418) பெயரோடும் இப்பானத்தை மக்கள் இணைத்துப் பேசுகின்றனர்.

இவ்வறிவிப்புகள் தம்முள் வேறுபடினும் மூன்று செய்திகளில் ஒன்றுபடுகின்றன: காலம் 15ஆம் நூற்றாண்டு, இடம் யமன், சூழல் திக்ரு மஜ்லிஸ். ஆப்பிரிக்கக் கரையில் மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த ஒன்றையே தப்ஹானீ கொண்டுவந்தார் என்பதையும் அறிவிப்பாளர்கள் மறைக்கவில்லை. அவர்களின் நேர்மை நமக்கு முன்மாதிரியாக வேண்டும். கண்டுபிடித்தவர்கள் கஃபாவின் காட்டு மக்கள். அவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

ஆனால் யமனியரின் பங்கு சிறிதன்று. மழைக்காட்டின் நிழலில் வாழ்ந்த ஒரு செடியை வறண்ட மலைச்சரிவுகளில் வாழவைத்தவர்கள் அவர்கள். மலையைப் படிப்படியாகக் குடைந்து கற்சுவர் எழுப்பி, ஒவ்வொரு மழைத்துளியையும் தேக்கி, நிழல் மரங்களை நட்டு, வாய்க்கால் வெட்டி அவர்கள் தோட்டங்களை அமைத்தனர். 1708 முதல் 1713 வரை யமனுக்குச் சென்ற பிரெஞ்சுக் கப்பல்களின் குறிப்புகளைத் தொகுத்து ழான் தெ லா ரோக் 1716-இல் வெளியிட்ட நூலில் இந்நிழல் மரங்களும் வாய்க்கால்களும் விவரிக்கப்படுகின்றன. காட்டிலிருந்த செடியைத் தோட்டப்பயிராக்கி உலகுக்கு அளித்தது யமன் உழவர்களின் உழைப்பே ஆகும்.

மக்காவில் எழுந்த வழக்கு

ஹிஜ்ரி 917-இல் (1511) மக்காவில் இப்பானம் ஒரு வழக்குக்கு உள்ளாயிற்று. மம்லூக் ஆட்சியின்கீழ் அந்நகரின் முஹ்தஸிபாக இருந்த காயிர் பேக், ஹரமுக்கு அருகில் இரவில் சிலர் கூடிக் கஹ்வா பருகுவதைக் கண்டார். ஆலிம்களைக் கூட்டினார், இரு மருத்துவர்களின் சாட்சியத்தைப் பெற்றார், பானத்தைத் தடைசெய்து, முடிவைக் கெய்ரோவுக்கு எழுதி அனுப்பினார். சுல்தான் கான்ஸூஹ் அல்கவ்ரியிடமிருந்து வந்த ஆணையோ அவர் எதிர்பார்த்த அளவுக்குக் கடுமையாக இல்லை. முறைகேடான கூட்டங்களைத் தடுக்கச் சொன்ன அது, பானத்தையே விலக்கிவிடவில்லை. அடுத்த ஆண்டில் காயிர் பேக்கின் பதவியும் போயிற்று.

இவ்வழக்கு பல ஆண்டுகள் பல நகரங்களில் மீண்டும் மீண்டும் எழுந்தது. விலக்குக்குத் தெளிவான சான்று இல்லாதவரை பொருள்கள் யாவும் ஆகுமானவையே என்னும் ஃபிக்ஹு விதியும், போதை உண்டா இல்லையா என்னும் ஆராய்ச்சியும் இறுதியில் வென்றன. 1550-களில் இஸ்தான்பூலில் காப்பிக்கடைகள் திறக்கப்பட்டன; 1633-இல் நான்காம் முராத் அவற்றை மூட ஆணையிட்டார்; ஆயினும் பானம் நிலைத்துவிட்டது. எத்தியோப்பியாவில் நிலைமை இதற்கு மாறாக இருந்தது. அங்குள்ள வைதிகத் திருச்சபை காப்பியை முஸ்லிம்களின் பானம் என்று கருதி 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை தவிர்த்துவந்தது. ஒரே பானத்தை ஓரிடத்தில் முஸ்லிம்கள் ஐயுற்றனர். மற்றோரிடத்தில் முஸ்லிம்களுடையது என்பதற்காகவே பிறர் ஐயுற்றனர்.

வறுத்த விதையும் ஏழு விதையும்

காப்பி வரலாற்றை எழுதும் ஐரோப்பியர் பலர், அரபியர் தம் வணிகத்தைக் காக்க வேண்டி, ஏற்றுமதியாகும் கொட்டைகள் முளைக்காதவாறு அவற்றைக் கொதிநீரில் இட்டோ வறுத்தோ அனுப்பினர் என்று எழுதுகின்றனர். நான் படித்த அரபு நூல்களில் இதற்குச் சான்று கண்டதில்லை. அதைவிட, செடியின் இயல்பே இக்கதையைத் தேவையற்றதாக்கிவிடுகிறது. காப்பி விதை நெடுநாள் உயிர்வாழும் விதையன்று. மேலோடும் தோலும் நீக்கி உலர்த்திய கொட்டை சில மாதங்களில் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. யமனில் கனியின் உலர்ந்த தோலைத் தனியே பிரித்து 'கிஷ்ர்' என்னும் பானத்துக்குப் பயன்படுத்தினர். கொட்டை தனியே விற்கப்பட்டது. பைத்துல் ஃபகீஹ் சந்தையில் வாங்கி, முகாவில் கப்பலேற்றி, பல மாதங்கள் கழித்து ஐரோப்பாவில் இறக்கிய கொட்டை முளைக்காததற்குச் சூழ்ச்சி எதுவும் தேவையில்லை; காலமே போதும்.

இதனை நான் நூலில் மட்டும் படித்து அறியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கடையில் வாங்கிய பச்சைக் காப்பிக்கொட்டை ஒரு கைப்பிடியைக் கல்லூரி முற்றத்தில் தொட்டியிலிட்டு இரண்டு மாதம் நீர் ஊற்றினேன், ஒன்றும் முளைக்கவில்லை. ஏற்காட்டுப் பக்கத்து மாணவர் ஒருவர் மறு ஆண்டு புதிதாகப் பறித்த கனிகளின் விதைகளைக் கொண்டுவந்து தந்தார். அவற்றுள் பெரும்பாலானவை முளைத்தன. 'ஹஸ்ரத், கொட்டையும் விதையும் ஒன்றல்லவே' என்று அம்மாணவர் சொன்ன சொல், பல நூல்கள் சொல்லாததைச் சொல்லிற்று.

நம் நாட்டுக்குக் காப்பி வந்த வரலாற்றிலும் இவ்விதையின் இயல்பு முக்கியமானது. 17ஆம் நூற்றாண்டில் ஹஜ்ஜுப் பயணம் சென்று திரும்பிய பாபா புதன் என்னும் இறைநேசர் ஏழு விதைகளைக் கொண்டுவந்து, சிக்மகளூருக்கு அருகில் இன்று அவர் பெயரால் வழங்கும் மலையில் விதைத்தார் என்பது மரபுச் செய்தி. அக்காலத்திலேயே எழுதப்பட்ட ஆவணம் எதையும் எவரும் இதுவரை முன்வைத்ததாகத் தெரியவில்லை. ஏழு என்னும் எண்ணும் மரபுக் கதைகளுக்கே உரியது. அறிவிப்பாளர் தொடர் வலுவற்ற செய்தியை 'ளயீஃப்' என்கிறோம். ஆனால் வேறு சான்றுகள் துணைநின்றால் அதன் உட்கருவை முற்றாகத் தள்ளிவிடுவதில்லை. அத்தகைய துணைச்சான்று இங்கே உண்டு. முகலாயர் அவைக்கு வந்த ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோவுடன் 1610-களில் இந்தியாவில் இருந்த பாதிரியார் எட்வர்ட் டெர்ரி, மது அருந்தாத பக்தியுடையோர் காப்பி பருகுவதைக் குறிப்பிட்டுள்ளார். 1696-இல் டச்சுக்காரர்கள் ஜாவாவுக்குக் காப்பிக் கன்றுகளை அனுப்பியபோது அவற்றை மலபாரிலிருந்தே அனுப்பினர். ஆகவே அதற்கு முன்பே செடி நம் மேற்குக் கரையில் வளர்ந்துகொண்டிருந்தது உறுதி. முகாவிலிருந்து மலபார் சில வாரப் பயணமே. தோலுடன் கொண்டுவந்த புதுவிதை உயிரோடு வந்துசேரும். கொண்டுவந்தவர் ஒருவரோ பலரோ, ஹாஜியோ வணிகரோ, அவர் அரபுக் கடல்வழியில் வந்தவர் என்பதில் ஐயமில்லை.

மலபாரிலிருந்து உலகுக்கு

1696-இல் ஜாவாவில் நட்ட கன்றுகள் வெள்ளத்தில் அழிந்தன. 1699-இல் மீண்டும் கொண்டுசென்றவை நிலைத்தன. அவற்றின் வழிவந்த ஒரு செடி 1706-இல் ஆம்ஸ்டர்டாம் தாவரவியல் தோட்டத்தை அடைந்தது. விதையாக அன்றி உயிருள்ள செடியாகவே அது சென்றது. ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் 1714-இல் பிரான்சின் பதினான்காம் லூயிக்கு ஒரு செடியை அன்பளிப்பாக அளித்தனர். அதன் சந்ததியிலிருந்து 1720-களில் கரீபியத் தீவான மார்த்தினிக்குக்குக் கன்று சென்றது. அமெரிக்கக் கண்டத்தின் தோட்டங்கள் பெருகின. இவ்வகை இன்று 'டிபிக்கா' எனப்படுகிறது. 1715-இல் பிரெஞ்சுக்காரர்கள் யமனிலிருந்து நேரே போர்போன் தீவுக்குக் கொண்டுசென்ற கன்றுகளுள் மிகச் சிலவே பிழைத்தன. அவற்றின் வழிவந்த வகை 'போர்போன்'.

இவ்விரு சிறு ஓடைகளிலிருந்தே உலகின் அராபிகாத் தோட்டங்களுள் பெரும்பகுதி பெருகிற்று. காட்டில் எண்ணற்ற வேறுபாடுகளுடன் இருந்த ஓர் இனம், யமனுக்கு வந்தபோது ஒருமுறை சுருங்கிற்று. யமனிலிருந்து வெளியேறியபோது மறுமுறை சுருங்கிற்று. இலட்சக்கணக்கான ஏக்கரில் நின்ற செடிகள் ஏறக்குறைய உடன்பிறந்தவை. ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கும். இந்த எச்சரிக்கையை அந்நாளில் எவரும் உணரவில்லை.

இலங்கை கற்பித்த பாடம்

விலையைச் செலுத்தியோருள் தமிழரும் இருந்தனர். 1820-களுக்குப் பின் இலங்கையின் கண்டி மலைகளில் காடுகளை அழித்து ஆங்கிலேயர் காப்பி பயிரிட்டனர். மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து ஏழைத் தமிழர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மலையேறினர். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டோர் பலர். 1870-களின் இறுதியில் காப்பி நிலம் சுமார் 2,75,000 ஏக்கரை எட்டியது.

1869-இல் இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத்துப் பொடிப்புள்ளிகள் தோன்றின. 'ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிடப்பட்ட அப்பூஞ்சை இலைத்துரு நோயை விளைவித்தது. நோயுற்ற இலை உதிரும், இலையிழந்த செடி மெலியும், காய் பிடிக்காது. ஒரே மரபுடைய செடிகள், இடையே காட்டுமரமின்றி, மலை மலையாக நின்றதால் காற்றில் பறந்த வித்துக்களுக்குத் தடையேதும் இல்லை. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தொழில் வீழ்ந்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. துரைமார் கடனில் மூழ்கினர் என்பதை வரலாறு எழுதுகிறது. கூலியின்றித் திரும்ப நடந்தவர்களைப் பற்றி அது அதிகம் எழுதுவதில்லை.

தீர்வு மீண்டும் காட்டினங்களிலிருந்தே வந்தது. ஆப்பிரிக்கத் தாழ்நிலக் காடுகளின் லைபீரிகாவும் ரொபஸ்டாவும் நோயைத் தாங்கின. கர்நாடகத்தின் பாலெஹொன்னூரில் 1925-இல் தொடங்கப்பெற்ற ஆய்வு நிலையம், லைபீரிகாவின் இரத்தம் கலந்த ஒரு வகையையும் 'கென்ட்' என்னும் அராபிகா வகையையும் இணைத்து உருவாக்கிய 'தேர்வு 795' இன்றும் நம் மலைகளில் பயிராகிறது. தோட்டம் தடுமாறும்போதெல்லாம் காடுதான் கைகொடுத்திருக்கிறது.

வளர்க்கும் முறை

இச்செடியை வளர்க்க விரும்புவோர் அதன் காட்டு வாழ்வை மனத்திற்கொள்ள வேண்டும். நிழல், குளிர்ச்சி, இலைமட்கு நிறைந்த மண், தேங்காத ஈரம் ஆகிய நான்கும் அதன் தேவைகள். அராபிகாவுக்கு 15 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பமும், கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும், ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்குக் குறையாத மழையும் ஏற்றவை.

நன்கு பழுத்துச் சிவந்த கனிகளை நோயற்ற செடியிலிருந்து பறித்து, கையாலேயே தோலுரிக்க வேண்டும். விதையைச் சுற்றியுள்ள மெல்லோட்டை நீக்கலாகாது. சலித்த மரச்சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் கரு இறந்துவிடும். டிசம்பர், ஜனவரி மாதங்களில், தட்டையான பக்கம் கீழே இருக்குமாறு விதைகளை மேட்டுப்பாத்தியில் நெருக்கமாக அடுக்கி, மேலே மென்மண்ணும் வைக்கோலும் பரப்பி நாள்தோறும் நீர் தெளிக்க வேண்டும். ஏறத்தாழ 45 நாள்களில், தலையில் விதையைச் சுமந்தவாறு தண்டு எழும். காட்டு மண் ஆறு பங்கு, மட்கிய தொழுவுரம் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்த பைகளுக்கு நாற்றுகளை மாற்றி, பந்தல் நிழலில் வளர்த்து, மழைக்காலத்தில் நிலத்தில் நட வேண்டும்.

கல்யாண முருங்கை, பலா, அத்தி போன்றவை நிழலுக்கு உகந்தவை. முழு இருளும் கூடாது. இலைகளின் ஊடே ஒளி சிதறி விழ வேண்டும். மூன்று, நான்கு ஆண்டுகளில் முதற்பூ வரும். மார்ச், ஏப்ரலில் பெய்யும் கோடைமழையை அடுத்துப் பூக்கள் ஒரே நாளில் மலர்ந்து மலைமுழுதும் மணக்கும். கனி பழுக்க எட்டு, ஒன்பது மாதமாகும். சமவெளியில் வாழ்வோர் அழகுக்காக வளர்க்கலாம், விளைச்சலை எதிர்பார்க்கலாகாது. எங்கள் முற்றத்து வேம்பின் நிழலில் நிற்கும் செடி பசுமையாக உள்ளது. காய்த்தது மட்டும் சொற்பம்.

மேற்குத்தொடர்ச்சி மலையில் நமக்கே உரிய காட்டுக் காப்பியினங்களும் உண்டு என்பதைப் பலர் அறியார். காஃபியா திருவாங்கூரென்சிஸ், காஃபியா வைட்டியானா ஆகியவை அவ்வகையின. நெடுங்காலம் வேறு பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த இவை 2011-இல் காஃபியாவுடன் சேர்க்கப்பட்டன. பானத்துக்குப் பயன்படாதவை என்பதால் இவற்றைக் கவனிப்பார் இல்லை. இத்தகைய அரிய செடிகளைக் காட்டிலிருந்து பிடுங்கிவந்து வீட்டில் நடுவது காப்பதாகாது. வனத்துறையின் இசைவுடன் சிறிதளவு விதை பெற்று, தாய்ச்செடியை இருந்த இடத்திலேயே விட்டு, நாற்றுகளைப் பெருக்குவதே முறை.

ஒரு அமானிதம்

2019-இல் வெளியான ஓர் ஆய்வு, அதுவரை அறியப்பட்டிருந்த 124 காட்டுக் காப்பியினங்களுள் 75 அழியும் ஆபத்தில் உள்ளன எனக் கண்டது. அராபிகாவின் காட்டினமும் அருகிவரும் இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. காடு அழிப்பும் வெப்பம் உயர்தலும் காரணங்கள். நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. சியரா லியோன் நாட்டில் 1954-க்குப் பின் காட்டில் எவரும் கண்டிராத 'ஸ்டெனோஃபில்லா' என்னும் கருங்கனிக் காப்பி 2018-இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அராபிகாவைவிட ஆறு பாகை மிகுந்த வெப்பத்திலும் அது வளரும் என்றும், சுவையில் அராபிகாவுக்கு இணையானது என்றும் 2021-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். கஃபா, யாயு ஆகிய எத்தியோப்பியக் காட்டுப்பகுதிகளை 2010-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகங்களாக ஏற்றது.

நெல்லையும் கோதுமையையும் நன்கு உலர்த்தி உறைகுளிரில் வைத்துப் பல பத்தாண்டுகள் காக்கலாம். காப்பி விதைக்கு அது இயலாது. அதைக் காக்கும் முதன்மையான வழி, தலைமுறை தலைமுறையாக உயிருள்ள செடியாக நட்டு வளர்ப்பதே. எத்தியோப்பியாவின் சோச்சேயிலும், கோஸ்டாரிக்காவின் துரியால்பாவிலும், மடகாஸ்கரின் கியான்ஜவாட்டோவிலும் அத்தகைய உயிர்த்தோட்டங்கள் உள்ளன. ஏட்டைப் பெட்டியில் பூட்டிவைப்பதால் மட்டும் இல்மு காக்கப்படுவதில்லை. ஆசிரியரிடம் ஓதிய மாணவர் இன்னொரு மாணவருக்கு ஓதிக்கொடுக்கும்போதே ஸனது தொடர்கிறது. காப்பிச் செடியின் ஸனதும் அத்தகையது; ஒரு கண்ணி அறுந்தால் பெட்டியைத் திறந்து மீட்டெடுக்க இயலாது.

மக்காவின் கொடுமை தாளாது புறப்பட்ட முதல் முஹாஜிர்களுக்கு ஏறத்தாழ 615-இல் அடைக்கலம் அளித்த மண் அல்ஹபஷா. அந்நாட்டின் மற்றொரு மூலையிலிருந்த காட்டு மக்கள் பெயரறியாத காலத்தில் பேணிவந்த ஒரு குறுமரமே யமனுக்கும், மலபாருக்கும், பின்னர் நம் ஒவ்வொருவரின் காலைப் பொழுதுக்கும் வந்து சேர்ந்தது. அதனை யமன் உழவர் வளர்த்தனர். சூஃபியாக்கள் பெயர் தந்தனர். ஆலிம்கள் வாதாடி ஆகுமானதாக்கினர். இப்பெருமையைப் பேச நமக்கு உரிமை உண்டு. ஆனால் பெற்ற பொருளைத் தந்தவரின் பெயரோடு சேர்த்துச் சொல்வதே அறிவிப்பாளரின் நேர்மை. பெற்ற அமானிதத்தைச் சிதையாமல் அடுத்த கையில் ஒப்படைப்பதே அதன் நிறைவு. கஃபாவின் காடு நிற்கும்வரைதான் கஹ்வாவின் வரலாறு தொடரும்.